மார்பக நலம்: கை வைத்தியம் எதுவரை, டாக்டர் எப்போது?

(நமது குடியிருப்பு சமுதாயக் கூடத்தில் நடந்த மகளிர் நலக் கூட்டத்தில், மொட்டை மாடி காலைப் பயிற்சிக் குழுவை நடத்தும் நம் குடியிருப்புவாசி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



காலை வகுப்புக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சீன வைத்தியத்தில் மார்பகத்துக்குப் புள்ளி, மசாஜ் எல்லாம் இருக்கிறதாமே, மாத்திரை இல்லாமல் நாமே பார்த்துக்கொள்ளலாமா?" இருக்கிறது. வீட்டிலேயே செய்யலாம். அதைச் சொல்லித் தருகிறேன். அது எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதையும் சொல்கிறேன். இரண்டாவது விஷயம்தான் இன்று முக்கியம்.

நாம் பிராணன் என்று சொல்வதைப் போல, சீன மருத்துவத்தில் 'சி' என்ற உயிர்சக்தியைச் சொல்கிறார்கள். அது உடம்பில் பல பாதைகளில் ஓடுகிறது. கல்லீரல் பாதையும் வயிற்றுப் பாதையும் மார்பகப் பக்கமாகப் போகின்றன. அடக்கி வைத்த கோபமும் கவலையும் கல்லீரல் பாதையில் சக்தியைத் தேங்க வைக்கும், மாதவிலக்குக்கு முன் மார்பு கனத்து வலிப்பது அதனால்தான் என்பது அவர்கள் கணக்கு. இன்றைய மருத்துவம் அதே வலிக்கு ஹார்மோன் ஏற்ற இறக்கத்தைக் காரணமாகச் சொல்கிறது. விளக்கம் எதுவானாலும், அந்த நாட்களில் உடம்பும் மனசும் தளர்ந்தால் கொஞ்சம் இதமாக இருக்கும். அதற்கு மூன்று எளிய வழிகள்.

முதலாவது பயிற்சி. 'பா துவான் ஜின்' என்பது எட்டு அசைவுகள் கொண்ட பழைய சீனப் பயிற்சி. அதன் முதல் அசைவை மட்டும் பாருங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். விரல்களை வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்தபடி கைகளை மேலே தூக்கி, உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். மூச்சை விட்டபடி இரண்டு பக்கமாகவும் கைகளை இறக்குங்கள். 8 முறை போதும். தோளும் மார்புக் கூடும் நன்றாக விரியும்.

இரண்டாவது புள்ளிகள். மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, கையின் உள்பக்கம், இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் இருப்பது 'நெய்குவான்'. கால் கட்டைவிரலும் அடுத்த விரலும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, பாதத்தில் உள்ள பள்ளம் 'தாய்சோங்'. ஒவ்வொன்றையும் வலிக்காமல் ஒரு நிமிடம் அழுத்தலாம். கர்ப்பிணிகள் கால் புள்ளியை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது எண்ணெய் தடவுவது. இதற்குச் சீனா வரை போக வேண்டாம், நம் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருக்கிறது. இளஞ்சூடான நல்லெண்ணெயை விரல்களின் தட்டைப் பக்கத்தால் மார்பு, அக்குள், கழுத்தெலும்பு வரை மெதுவாக வட்டமாகத் தடவுங்கள். புண், சிவப்பு, புதிய கட்டி இருந்தால் வேண்டாம். இதனால் 'நச்சு வெளியேறும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதன் உண்மையான பலன், உங்கள் மார்பகம் வழக்கமாக எப்படி இருக்கும் என்று உங்கள் கைக்குத் தெரிந்துவிடுவது.

சிகிச்சை எடுக்கிறவர்களுக்கும் இந்த முறைகள் துணையாக உதவலாம். ஹார்மோன் மாத்திரையால் மூட்டுவலி வந்த மார்பகப் புற்றுநோயாளிகள் 226 பேரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2018-இல் வந்தது. முறையான அக்குபஞ்சர் எடுத்தவர்களுக்கு வலி சற்றுக் குறைந்தது. அந்தப் பெண்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்குப் போகவில்லை. மாத்திரையைத் தொடர்வதற்கு ஊசி துணையாக இருந்தது.

அதே 2018-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு கணக்கை வெளியிட்டார்கள். வேறு உறுப்புகளுக்குப் பரவாத நிலையில் மார்பகப் புற்றுநோய் தெரிந்தும், வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் அபாயம் 5 மடங்குக்கு மேல் இருந்தது. புள்ளி அழுத்துவது அவர்களுக்குக் கெடுதல் செய்தது என்று அர்த்தம் இல்லை. குணமாக்கக்கூடிய காலம் கையை விட்டுப் போனது.

மூலிகை என்றாலே பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலியக் கொடுத்த சீன மூலிகை மாத்திரையில் ஒரு மூலிகைக்குப் பதில் வேறொன்று கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. எந்தப் பொடி, கஷாயம் சாப்பிட்டாலும் உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

"அப்படியானால் மாதாமாதம் நாமே அழுத்திப் பார்த்துக்கொண்டால் போதுமா?" என்று கேட்பீர்கள். இதற்குச் சீனாவிலேயே பதில் கிடைத்திருக்கிறது. ஷாங்காய் நகரத் துணி ஆலைகளில் 2,66,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒரு பாதிப் பேருக்குச் சுயபரிசோதனை முறையாகக் கற்றுத் தந்தார்கள். 2002-இல் வந்த முடிவு: இரண்டு பிரிவிலும் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். நம் உடம்பைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் அது மட்டும் போதாது.

நம் நாட்டிலேயே நடந்த சோதனை நம்பிக்கை தருகிறது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதிக்கும் திட்டத்தை நடத்தியது. சுமார் 1,50,000 பெண்கள் அந்தச் சோதனையில் இருந்தார்கள். 2021-இல் வந்த முடிவின்படி, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. பழகிய கையும், கட்டி தென்பட்டால் உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்பிய ஒழுங்கும்தான்.

ஆகவே, இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மார்பிலோ அக்குளிலோ புதிய கட்டி, தோலில் குழி அல்லது ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, ஆறாத புண். இவற்றில் எது இருந்தாலும் இரண்டு வாரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் "வலிக்கவில்லை, அதனால் ஒன்றும் இல்லை" என்பது தப்பான கணக்கு. புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

ஒன்றும் இல்லாதவர்களும், 30 வயது தாண்டியிருந்தால் கைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். 40 தாண்டியவர்கள் மேமோகிராம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் வந்திருந்தால், வயதைப் பார்க்காமல் இப்போதே கேளுங்கள்.

இயற்கையாக அபாயத்தைக் குறைக்கும் வழிகளும் உண்டு. வாரம் 150 நிமிடம் வேக நடை, மாதவிலக்கு நின்ற பிறகு எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது, மதுவைத் தொடாதிருப்பது, முடிந்தவர்கள் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது. இவை அபாயத்தைக் குறைக்கும், அடியோடு நீக்காது. எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் நோய் வரலாம். அப்படி வந்தவரிடம் "கவலைப்பட்டுப் பட்டே வரவழைத்துக்கொண்டாய்" என்று யாரும் சொல்லாதீர்கள்.

ஐயாக்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நோய் வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் ஆண்களும் இருக்கிறார்கள். உங்கள் மார்பில் கட்டி தெரிந்தாலும் கூச்சப்படாமல் காட்டுங்கள். மனைவி "டாக்டரிடம் போகணும்" என்றால், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

கடைசியாக, எல்லா பிளாக்குக்கும் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் வேலை செய்யும் அக்காக்களுக்கும், வளாகத்தைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கும் பரிசோதனைக்குப் போக நேரம் கிடைப்பதில்லை. ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போய்விடுமே என்று கட்டியை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவர்கள் உண்டு. அடுத்த செய்திமடல் வருவதற்குள், ஒவ்வொரு வீடும் தன் வீட்டுப் பெண்களையும், தன் வீட்டில் வேலை செய்கிறவரையும், சம்பளம் பிடிக்காமல் அரை நாள் அனுப்பி வையுங்கள். ஹவுஸ்கீப்பிங் பெண்களை முறை வைத்து அனுப்பச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று செயலாளரையும் கேட்டுக்கொள்கிறேன். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் காலை வகுப்பு முடிந்ததும் சொல்லுங்கள், கூட வருகிறேன்.