ஓரத்தில் நிற்பவர்கள்

(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் இயற்பியல் துறையின் 1978ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசணும் சார், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்தியவனிடம் இப்படிச் சொல்வது ஆபத்து. மணி அடித்தால்தான் நிறுத்திப் பழக்கம். அதனால் ஒரு கட்டுப்பாட்டுக்காகக் கையில் ஒரு பொருளோடு வந்திருக்கிறேன். இதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

இதோ, இதுதான். தூரத்தில் இருப்பவர்களுக்கு சோப்பு டப்பா மாதிரி தெரியும். கிட்டத்தில் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். இது ஒரு கேமரா. முழுக்கப் பிளாஸ்டிக், லென்ஸ் உட்பட. 35 மி.மீ. பிலிம் போட வேண்டும். பேட்டரி கிடையாது, பிளாஷ் கிடையாது, ஃபோகஸ் செய்யும் வளையம் கிடையாது. ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று, 1/125 வினாடி. துளை அளவும் ஒன்றே, எஃப் 11. விவிட்டார் கம்பெனியின் 'அல்ட்ரா வைட் அண்ட் ஸ்லிம்' என்ற கேமரா இந்த வகையில் பேர் பெற்றது. பிறகு அதே அமைப்பில் வேறு பெயர்களிலும் வந்தன. என்னுடையது அந்த வகையறாவில் ஒன்று. 2022இல் என் மகள், "அப்பா, ரிட்டையர் ஆன பிறகு விளையாட ஒரு பொம்மை" என்று வாங்கித் தந்தாள்.

பொம்மைதான். ஆனால் இதன் லென்ஸின் குவியத் தூரம் 22 மி.மீ. அந்த எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. நம் காலத்து சாதாரணக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் இருக்கும். அது பக்கவாட்டில் 40 டிகிரி அளவுக்குப் பார்க்கும். இது 79 டிகிரி பார்க்கிறது. மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அதில் 2.2 மீட்டர் அகலம் அடங்கும், இதில் 4.9 மீட்டர் அடங்கும். நாலு பேர் நிற்கும் படத்தில் ஒன்பது பேரை நிறுத்தலாம்.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. இந்த மாதிரிக் கேமராக்களுக்கு உலகம் முழுக்க ஒரு கூட்டம் சேர்ந்ததற்கு உங்களைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகள்தான் காரணம். 1991இல் வியன்னாவைச் சேர்ந்த மாணவர்கள் சிலர் பிராக் நகரத்தில் 'லோமோ எல்சி-ஏ' என்ற சோவியத் கேமரா ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஓரம் இருண்டு, நிறம் கூடி வந்த அதன் படங்கள் அவர்களுக்குப் பிடித்துப் போயின. 1992இல் வியன்னாவில் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். நாம் குறை என்று சொல்வதை அவர்கள் குணம் என்று சொன்னார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குக் குறையா குணமா என்பதைவிட, ஏன் அப்படி வருகிறது என்பதுதான் முக்கியம். வாத்தியார் புத்தி. ஆகவே சோதனையில் இறங்கினேன்.

முதல் ரோலில் பாதிப் படங்களில் என் சுண்டுவிரல் இருந்தது. அகலமாகப் பார்க்கிற லென்ஸ், பிடிக்கிற கையையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறது! டப்பாவை இரண்டு விரல் நுனியில் தட்டு பிடிப்பதுபோல் பிடிக்கப் பழகினேன். வீட்டுக்குள் எடுத்தவை எல்லாம் கரி. வெயிலில் எடுத்தவை மட்டும் தேறின. 400 வேகப் பிலிமுக்கு, நல்ல வெயிலில் இந்தக் கேமரா தேவையைப்போல் ஆறு மடங்குக்கு மேல் வெளிச்சத்தை விடுகிறது. ஆனாலும் நெகட்டிவ் பிலிம் தாராள மனசு உடையது, தாங்கிக்கொள்கிறது.

இரண்டாவது ரோலில் வாலிபால் சோதனை. பக்கத்துப் பள்ளியில் மூன்று பந்து இரவல் வாங்கி, காம்பவுண்டு சுவர்மேல் நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் 1.4 மீட்டர் தள்ளி ஒவ்வொன்று வைத்தேன். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். பிரிண்டில் அளந்து பார்த்தால் நடுப் பந்து 10 மி.மீ. உயரம், 10 மி.மீ. அகலம். ஓரப் பந்துகளும் அதே 10 மி.மீ. உயரம்தான், ஆனால் அகலம் 12 மி.மீ. பந்து முட்டையாகிவிட்டது. சுவரில் அதே இடத்தில் சாக்பீஸால் போட்ட வட்டமோ ஏறக்குறைய வட்டமாகவே இருந்தது.

காரணம் எளிது. தட்டையான பொருளைத் தட்டையான பிலிமில் விழச்செய்தால் வடிவம் கெடாது. உருண்டையான பொருளிலிருந்து வரும் ஒளி ஓரத்தில் சாய்வாகப் போய்ப் பிலிமில் விழுகிறது. மாலையில் நம் நிழல் நீளுகிறதே, அதே கதைதான். கோணத்தின் கோசைன் எவ்வளவோ, அதன் தலைகீழ் அளவுக்கு அகலும். இந்த லென்ஸின் கடைசி ஓரத்தில் அது 29 சதவிகிதம். மனிதனின் தலையும் உடம்பும் உருண்டைதானே? அதனால் ஓரத்தில் நிற்கிறவர் பட்டினி கிடந்தாலும் படத்தில் குண்டாகத்தான் வருவார்.

இன்னொன்று, இருட்டு. ஒளி சாயச் சாய அதன் அளவு கோசைனின் நான்காம் அடுக்குப்படி குறையும். மூலையில் 44 டிகிரிக்குக் கணக்குப் போட்டால், நடுவில் விழுகிற வெளிச்சத்தில் கால் பங்குதான் மிஞ்சும். ஆகக்கூடி, அகலமான லென்ஸ் எல்லாரையும் உள்ளே கூப்பிடுகிறது. ஆனால் ஓரத்தில் நிற்பவரை உருவம் மாற்றி, இருட்டில் நிறுத்துகிறது.

இந்தக் கணக்கை நான் கரும்பலகையில் எழுதினால் ஐந்து மார்க் கேள்வி. ஆனால் 2023இல் இதே கல்லூரியில் அது எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் 1978ஆம் வருட குரூப் போட்டோ என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஸ்டுடியோக்காரர் எடுத்த படம். அன்று காலையில் பெஞ்சுகளைத் தூக்கிவந்து முற்றத்தில் மூன்று படியாக அடுக்கியவர் எங்கள் ஆய்வகத்து அட்டெண்டர் அண்ணன். பிரிசத்தைத் துடைப்பது, பாதரசத்தைச் சிந்தாமல் அள்ளுவது, கால்வனோமீட்டர் முள்ளை நகர வைப்பது எல்லாம் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். "அண்ணே, வாங்க, நில்லுங்க" என்று கூப்பிட்டோம். "எனக்கு எதுக்கு தம்பி, நீங்க புள்ளைங்க நில்லுங்க" என்றார். கட்டாயப்படுத்தவே கடைசி ஓரத்தில் போய் நின்றார். படம் அட்டையில் ஒட்டப்பட்டு வந்தபோது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. மிஞ்சியது ஒரு தோளும், காக்கிச் சட்டையின் கையும். கீழே 'நிற்பவர்கள், இடமிருந்து வலம்' என்று அச்சடித்திருந்த வரிசையில் அவர் பெயரும் இல்லை. எங்களில் யாரும் அதைப் பற்றி அன்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2023 ஒன்றுகூடலுக்கு அவர் வந்திருந்தார். எண்பது வயது. பேரன் கையைப் பிடித்து வந்தார். நான் இந்தக் கேமராவோடு அதே முற்றத்தில் நின்றேன். இந்த முறை யாரும் வெட்டுப்பட மாட்டார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. "எல்லாரும் வாங்க, எல்லாரும் அடங்கும்!" என்று கத்தினேன். எல்லாரும் வந்தார்கள். அவரும் வந்தார். பழக்க தோஷம், நேராகப் போய் ஓரத்தில் நின்றார். வாலிபாலை அளந்தவன் நான். பார்த்தேன், தெரிந்தது. இருந்தும் 'எல்லாரும் அடங்கிட்டாங்க' என்ற சந்தோஷத்தில் ஷட்டரை அமுக்கிவிட்டேன்.

சாயங்காலம் பாதிப் பேர் கிளம்பிய பிறகு மனசு உறுத்தியது. அவரை நாற்காலியில் நடுவில் உட்கார வைத்து, மிச்சமிருந்த ஏழெட்டுப் பேரைச் சுற்றி நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். எல்லார் பையிலும் செல்போன் இருந்தது. "சார் பிலிம்லயே எடுக்கறாரே" என்று யாரும் அதை வெளியில் எடுக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்து, "தம்பி, எனக்கு ஒரு காப்பி குடுங்க. வீட்டுல மாட்டணும்" என்றார். அவர் எங்களிடம் எதையும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ரோல் முடிந்ததும் அடியில் உள்ள பொத்தானை அமுக்கி, சின்னக் கைப்பிடியைச் சுற்றிப் பிலிமைத் திரும்ப டப்பிக்குள் கொண்டுபோக வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் நான் சுற்றாமலேயே பின்மூடியைத் திறந்துவிட்டேன். உடனே மூடினேன். ஆனால் பிலிமுக்கு அது போதும். சுருளில் கடைசியாக எடுத்த படங்கள்தான் வெளிச் சுற்றில் இருக்கும். முதலில் எடுத்தவை உள்ளே பத்திரமாக இருக்கும். கழுவி வந்தபோது காலையில் எடுத்த படம் இருந்தது. சாயங்காலப் படம் வெளிச்சத்தில் அழிந்து போயிருந்தது.

இருந்த படத்தைப் பிரேம் போட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நடு வரிசையில் விரலை வைத்துத் தேடினார். "நான் எங்கே தம்பி?" என்றார். நான் ஓரத்தைக் காட்டினேன். இருட்டில், அகலமாக ஒரு மனிதர். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "பரவால்ல, இந்த வயசுல கொஞ்சம் சதை போட்டிருக்கேன்" என்று சிரித்தார். "அடுத்த வருஷம் நடுவுல வச்சு எடுக்கறேன் அண்ணே" என்றேன். 2024 தை மாதத்தில் அவர் காலமாகிவிட்டார்.

கேமராவைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அது தன் கோசைன் கணக்கை ஒழுங்காகச் செய்தது. படம் எடுத்தவன்தான் பார்த்தும் பேசாமல் இருந்தான். எல்லாரையும் உள்ளே சேர்த்துவிட்டோம் என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம், சங்கத்திலும் சரி, ஊரிலும் சரி. யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்ப்பதில்லை. ஓரத்தில் நிற்பவர் தானாக நடுவுக்கு வரமாட்டார். வருவதற்கு அவரைப் பழக்கியிருக்கவில்லை. யாராவது போய்க் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும்.

இன்று நாலு மணிக்கு முற்றத்தில் குரூப் போட்டோ. வெயில் சரியாக இருக்கும். இந்தக் கேமராவில் இன்னும் ஒன்பது படம் பாக்கி. நான் வழக்கத்தைவிட நாலு எட்டு பின்னால் போய் நிற்பேன். இரண்டு ஓரத்திலும் தூணும் சுவரும் இருக்கட்டும், அவை குண்டாகத் தெரிந்தால் கவலைப்படாது. ஆய்வக உதவியாளர்கள், வாட்ச்மேன், காலையில் நமக்கு டீ கொடுத்த கேன்டீன் அம்மா, எல்லாரும் முதல் வரிசை நடுவில் நாற்காலியில் உட்கார வேண்டும். இரண்டு மாணவர்களை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்: செல்போனிலும் எடுத்துவிடுங்கள், இந்தக் கிழவனை நம்ப வேண்டாம். செயலாளர் அவர்கள் தயவுசெய்து ஒரு பேப்பரோடு நின்று, ஒரு பெயர் விடாமல் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இடமிருந்து வலம்.

பத்து நிமிடம் தாண்டிவிட்டது. மணி அடித்ததாக எடுத்துக்கொள்கிறேன்.