பறித்த நிலம் யாருக்கு?

தோழர்களே, இத்தாலியில் 2012-இல் சிறுவணிகர் கூட்டமைப்பு ஒன்று அறிக்கை விட்டது: நாட்டின் பெரிய வங்கியே மாஃபியாதான், கையிருப்பு 6,500 கோடி யூரோ. வங்கி கைவிரித்த கடைக்காரன் கந்துவட்டிக்கு அங்கேதான் போறான். கடைசியில் கடையே அவங்க கைக்குப் போயிடுது. பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த அரசு அதற்குச் சற்று முன் செய்தது என்ன? உழைக்கிறவனின் ஓய்வூதிய வயதை ஏற்றியது!

மாஃபியா சொத்தைப் பறிமுதல் செய்யச் சட்டம் கேட்டவர் பியோ லா தோரே. சிசிலியின் ஏழை விவசாயி மகன், நிலப் போராட்டத்தில் வளர்ந்தவர். 1982 ஏப்ரலில் சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பரில் சட்டம் வந்தது. 1996 சட்டம் அந்த நிலங்களைப் பொதுப்பயனுக்குத் திருப்பியது; கூட்டுறவுகள் அதில் கோதுமை விதைத்தன.

2018-இல் புது ஆணை. பொதுப்பயனுக்குப் போகாத சொத்தைத் தனியாருக்கும் விற்கலாமாம், அரசுக்கு வருமானமாம். நெருக்கடியில் ரொக்கத்தோட நிற்கிறவன் யாரு? பினாமி பேர்ல அவனே வந்து ஏலம் கேட்பானே!