சூழ்நிலை அல்ல, மனநிலையே!

(தலைப்பு: வேலைக்காக வெளிநாடு போகிறவர்களின் ஓட்டப் பயிற்சி நின்று போவதற்குப் பெரிதும் காரணம் சூழ்நிலையா? மனநிலையா?)



நடுவர் அவர்களே, இந்தத் தலைப்பைக் கொங்கு நாட்டுல வச்சுப் பேசறது ரொம்பப் பொருத்தம். திருப்பூர்ல பனியன், கரூர்ல வீட்டு உபயோகத் துணி, கோயமுத்தூர்ல பம்பு, மோட்டார், நூல் மில் மெஷின். இங்க வீதிக்கு ஒருத்தர் பாஸ்போர்ட்டும் கையுமா இருக்காங்க. ஜனவரி பொறந்தா கரூர்க்காரங்க பிராங்க்பர்ட் ஜவுளிக் கண்காட்சிக்குக் கெளம்பிருவாங்க. நாலு வருஷத்துக்கு ஒருக்கா ஜவுளி இயந்திரக் கண்காட்சி. 2019-ல பார்சிலோனா, 2023-ல மிலான். நம்ம ஊர் ஆளுங்க அங்க போகாம இருப்பாங்களா?

அதே மாதிரி ஓட்டமும் நம்ம ஊருக்குப் புதுசில்லீங்க. காலையில அஞ்சரை மணிக்கு ரேஸ்கோர்ஸ் பக்கம் போய்ப் பாருங்க. ஒரு சுத்து சுமார் ரெண்டரை கிலோமீட்டர். பேரன் ஓடறான், தாத்தா அவனுக்குப் பின்னால நடக்கறாரு. 2013-ல ஆரம்பிச்ச கோவை மாரத்தான் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கற ஓட்டம். அதுல ஓடறதுக்காக மாசக்கணக்கா பயிற்சி எடுக்கறவங்க இந்த அரங்கத்துலயே இருப்பீங்க.

இந்த ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள மோதும்போதுதான் பிரச்சனை. ஊர்ல இருக்கற வரைக்கும் ஓடறாரு. விமானம் ஏறினா ஓட்டம் நின்னு போகுது. காரணம் என்ன? எதிரணியில் பேசிய அண்ணன் சொன்னார், நேரமில்லை, சாப்பாடில்லை, தூக்கமில்லை, குளிர் தாங்கலை, பெட்டியில் ஷூ வைக்க இடமில்லை என்று. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ஒரு பழமொழி உண்டு. ஓட மனசில்லாதவருக்கு ஜெர்மனியே கோணலுங்க! (சிரிப்பு, கைதட்டல்)

ஒவ்வொண்ணா வரேன். முதல்ல இடம். பெட்டிக்கு இருபத்து மூணு கிலோதான் அனுமதி. அதுல துணி சாம்பிள் பாதி. மீதியில பருப்புப் பொடி, எலுமிச்சங்காய் ஊறுகாய், முறுக்கு. ஊறுகாய்க்கு இடம் இருக்குது, ஷூவுக்கு இடம் இல்லையா? அண்ணா, ஷூவை எதுக்குங்க பெட்டியில வைக்கோணும்? கால்ல மாட்டிக்கிட்டே விமானம் ஏறுங்க! (கைதட்டல்) 1960-ல ரோம் ஒலிம்பிக்ஸ். எத்தியோப்பியாவில் இருந்து வந்த அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடி, 2 மணி 15 நிமிடத்துல தங்கம் வாங்கினாரு. அதுக்காக உங்களை வெறுங்காலோட ஓடச் சொல்ல வரலீங்க. ஷூ ஒரு காரணமே இல்லைன்னு சொல்ல வரேன்.

அடுத்தது தூக்கம். நம்ம உடம்புக்குள்ள ஒரு கடியாரம் இருக்குது. நேர வித்தியாசத்துக்கு அது பழக ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் ஆகும்னு சொல்லுவாங்க. ஜனவரியில ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால. இங்க காலையில அஞ்சரைன்னா அங்க ராத்திரி ஒரு மணி. அதனால நம்ம ஆளுக்கு விடியறதுக்கு வெகுநேரம் முன்னாலயே முழிப்பு வந்துரும். எதிரணி அண்ணன் இதைத் தொல்லைன்னு சொன்னாரு. நான் கேக்கறேன், காலையில எந்திரிக்கத்தானே ஊர்ல அலாரம் வச்சுப் போராடறோம்? அங்க அது இலவசமாக் கிடைக்குது! (சிரிப்பு) கிழக்கே ஜப்பான் பக்கம் போனா கொஞ்சம் சிரமம்தான், ஒத்துக்கறேன். அங்க நம்ம கடியாரத்தை முன்னால தள்ளோணும். அதுக்கு நல்ல மருந்து காலை வெளிச்சம். வெளிச்சத்துல இருபது நிமிஷம் வெளிய போய் வந்தா, தூக்கத்துக்கும் ஆச்சு, பயிற்சிக்கும் ஆச்சு.

குளிர்னு சொன்னாங்க. ஜனவரி மாசம் பிராங்க்பர்ட்ல விடியவே எட்டு மணி தாண்டிரும். வழியில பனி உறைஞ்சு வழுக்கும். அங்க போய் இருட்டுல ஓடுன்னு எங்கணி சொல்லலீங்க. எதிரணித் தங்கை கேட்ட கேள்வியும் நியாயமானது. தனியாப் போற ஒரு பொண்ணு, தெரியாத ஊர்ல, விடியற முன்னால எப்படி ஓடுவான்னு கேட்டாங்க. ஓட வேண்டாம் தாயி! ஓட்டல்ல மாடிப்படி இருக்குது. பல ஓட்டல்ல ஓடற மெஷின் இருக்குது. அறைக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு நின்ன இடத்துல ஓடறதுக்கு விசா வேணுமா? (சிரிப்பு) வெளிய போனா ஓட்டல் முகவரி அட்டை ஒண்ணு பையில இருக்கோணும். இன்னொண்ணு முக்கியம். நம்ம ஊர்ல வண்டி இடது பக்கம் போகும். ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் பெரும்பாலும் வலது பக்கம் போகும். நம்ம பழக்கத்துல வலது பக்கம் பாத்துட்டு ரோட்டுல கால் வச்சா, வண்டி இடது பக்கம் இருந்து வரும். இங்கிலாந்து போனா மறுபடி நம்ம ஊர் மாதிரி. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுச் செய்ய வேண்டியது. தெரிஞ்சுக்கிட்டுக் கைவிட வேண்டியது இல்லை.

சாப்பாட்டுக்கு வரேன். எதிரணித் தலைவர் பி.டி. உஷாவைச் சொன்னாரு. உண்மைதான். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. அதுல வெண்கலம் போச்சு. ஒலிம்பிக் கிராமத்துல தனக்கு ஒத்துக்கற சாப்பாடு இல்லாம அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டேன்னு அவங்களே பின்னால சொல்லியிருக்காங்க. சூழ்நிலை பறிச்ச பதக்கம்னு எதிரணித் தலைவர் உருகினாரு. நானும் உருகினேன். ஆனா கதையைப் பாதியில நிறுத்திட்டாருங்க! அடுத்த வருஷம், 1985, ஜகார்த்தா ஆசிய தடகளப் போட்டி. ஜகார்த்தா என்ன பொள்ளாச்சிக்குப் பக்கத்துலயா இருக்குது? அதுவும் வெளிநாடுதானே! அங்க அந்த அம்மா வாங்கினது அஞ்சு தங்கம், ஒரு வெண்கலம். (பலத்த கைதட்டல்) சூழ்நிலை ஒரு பதக்கத்தைப் பறிக்கும், நடுவர் அவர்களே. அடுத்த வருஷத்தைப் பறிக்க அதுக்கு அதிகாரம் கிடையாது.

காந்தியடிகளை எடுத்துக்குங்க. 1888-ல் சட்டம் படிக்க லண்டன் போனாரு. சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், கையில காசு கம்மி. அவர் என்ன செஞ்சாரு? வண்டிச் செலவை மிச்சம் பிடிச்சு, தினமும் எட்டு மைல், பத்து மைல் நடந்தாரு. இங்கிலாந்துல நோயில்லாம இருந்ததுக்கு அந்த நடைதான் காரணம்னு தன் சுயசரிதையில எழுதியிருக்காரு. எதிரணி எதையெல்லாம் தடைன்னு சொல்லுதோ, அதையே அவர் பயிற்சியா மாத்திக்கிட்டாரு.

நம்ம காலத்துக்கு வாங்க. மா. சுப்பிரமணியன் அவர்கள். இங்க நான் கட்சி பேச வரலே, கால்களைப் பத்திப் பேச வந்திருக்கேன். (சிரிப்பு) 2004-ல நடந்த ஒரு சாலை விபத்துல கால்ல பலத்த அடி. அதுக்கப்புறம் ஓட ஆரம்பிச்சு, நூறுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடிச்சவர். 2021-ல் மாநில நலவாழ்வுத் துறை அமைச்சரானார். 2023-ல் அலுவல் பயணமா ஜப்பான் போனப்ப, டோக்கியோவுல மக்கள் நடக்கறதுக்குன்னே 8 கிலோமீட்டர் பாதை இருக்கறதைப் பாத்துட்டு வந்தாரு. அந்த வருஷம் நவம்பர்ல நம்ம மாநிலத்துல 38 மாவட்டத்துலயும் 'நடப்போம் நலம் பெறுவோம்'னு எட்டு கிலோமீட்டர் நடைபாதைகள் வந்துச்சு. வெளிநாட்டுப் பயணம் ஒருத்தரோட பயிற்சியைக் கெடுக்கலே. ஊருக்கே ஒரு வழியைக் கொண்டுவந்து சேர்த்துச்சு!

நடுவர்: அம்மா, அமைச்சருக்கு மனம் இருந்தது. சாமானியனுக்கு நேரம் வேண்டாமா? பகல் எல்லாம் கண்காட்சி, ராத்திரி வியாபாரிகளோடு விருந்து...

நல்ல கேள்விங்க ஐயா. அங்கதான் என் முக்கியமான வாதத்துக்கு வரேன். பத்து நாள் பயணத்துல ஒருத்தர் ஒரு அடி கூட ஓடலைன்னே வச்சுக்குங்க. உடம்பு எவ்வளவு இழக்கும்? கொஞ்சம்தான். ரெண்டு வாரம் தாண்டி, மூணு வாரம், நாலு வாரம்னு போகும்போதுதான் மூச்சுத் திறன் நல்லா இறங்குது. அது மட்டுமில்லை. ஓடற நேரத்தைப் பாதிக்கு மேல குறைச்சாலும், வேகத்தை விடாம வாரத்துல ரெண்டு மூணு நாள் ஓடினா, சேத்து வச்ச திறன் பல வாரம் நிக்கும்னு ஆராய்ச்சியில கண்டிருக்காங்க. அப்ப பத்து நாள் பயணத்துக்கு எவ்வளவு வேணும்? மூணு நாள், நாளுக்கு இருபது நிமிஷம். மொத்தம் ஒரு மணி நேரம்! விருந்துல ரெண்டாவது தடவை ஐஸ்கிரீம் வாங்க வரிசையில நிக்கிற நேரமுங்க! (சிரிப்பு)

அப்ப எங்க கெடுது? பயணத்துல கெடறதில்லை. திரும்பி வந்த பிறகு கெடுது.

எங்க பெரியம்மா பையன் ஒருத்தர், கரூர்ல ஏற்றுமதி பண்றாரு. ஒரு காலத்துல அமராவதி ஆத்தோரம் தினம் ஆறு கிலோமீட்டர் ஓடுவாரு. முதல் ஜெர்மனிப் பயணம், பத்து நாள் ஓடலே. திரும்பி வந்தாரு. "ஏனுங்கண்ணா, ஓடப் போகலையா?"ன்னு கேட்டேன். "அலுப்பா இருக்குது அம்மணி, ஞாயித்துக்கெழமை ஆரம்பிச்சுக்கலாம்"னாரு. எந்த ஞாயித்துக்கெழமைன்னு சொல்லலே! (சிரிப்பு) அடுத்து மார்ச்சுல அமெரிக்கா. "எப்படியும் மறுபடி போகோணும், இடையில எதுக்கு?"ன்னாரு. இப்படியே நாலு வருஷம். ஒரு நாள் ராத்திரி அண்ணி போன் பண்ணினாங்க. சொந்த வீட்டு மாடிப்படியில, பாதியில, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. வயசு நாப்பத்தேழு. சர்க்கரை, ரத்த அழுத்தம் ரெண்டும் சேந்து வந்திருக்குது. நல்லவேளை, உயிருக்கு ஒண்ணும் ஆகலே.

அந்த நாலு வருஷத்துல அவர் வெளிநாட்டுல இருந்த நாளைக் கூட்டிப் பாத்தோமுங்க. நூத்தி அறுபது நாள். சூழ்நிலை பறிச்சது நூத்தி அறுபது. மீதி ஆயிரத்து முந்நூறு நாளை யாரு பறிச்சது? பிராங்க்பர்ட்டா? பனியா? சொந்த ஊர்ல, சொந்த வீட்டுல, ஆத்தோரம் அப்படியேதான் இருந்துச்சு. பறிச்சது மனசு! (பலத்த கைதட்டல்)

அதுக்கப்புறம் மருத்துவர்கிட்டக் கேட்டு, முதல்ல நடை, அப்புறம் மெதுவா ஓட்டம். அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது, ஒம்பதாவது படிக்கிற அவர் பொண்ணு முதல்ல அப்பாவோட ஷூவை உள்ள வச்சா. அதுக்கு மேலதான் சாம்பிளை வைக்க விட்டா. அவ ஒண்ணுமே பேசலீங்க. சம்பாதிக்கறது யாருக்காகன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

நம்ம நூல் மில்லுல வேலை செய்யற அக்கா தங்கச்சிகளைப் பாத்திருப்பீங்க. மெஷினுக்கு முன்னால ஒரு ஷிஃப்டு முழுக்க நடந்துக்கிட்டே இருப்பாங்க. இழை அறுந்தா என்ன செய்யறாங்க? மில்லை மூடிட்டு வீட்டுக்கா போறாங்க? அறுந்த இழையை விரல்ல பிடிச்சு ஒட்டிட்டு அடுத்ததுக்குப் போறாங்க. இழை அறுந்துதான் தீரும். அது பருத்தியோட குணம். அதை ஒட்டறது மனுசங்க குணம். பயிற்சியும் அப்படித்தானுங்க. பயணத்துல அறுந்தா, வந்து இறங்கின மறுநாள், சரி, அதுக்கு மறுநாள், பத்து நிமிஷம் ஓடி ஒட்டிருங்க. பழைய வேகம் வேண்டாம், பழைய தூரம் வேண்டாம். இழை ஒட்டினாப் போதும்.

எங்கணி முரட்டுத்தனம் பேசலீங்க. காய்ச்சல்னா ஓடாதீங்க. நெஞ்சு வலிச்சா ஓடாதீங்க, மருத்துவரைப் பாருங்க. நீண்ட விமானப் பயணத்துல தண்ணி குடிங்க, அப்பப்ப எந்திரிச்சு நடங்க. ஒரே இடத்துல மணிக்கணக்கா உக்காந்தா கால்ல ரத்தம் உறையற ஆபத்து உண்டு. போய் இறங்கின அன்னிக்கு நல்லாத் தூங்குங்க. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது வாரத்துக்கு நூத்தம்பது நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, இல்லைன்னா எழுபத்தஞ்சு நிமிஷம் கடுமையானது. கண்காட்சி அரங்கத்துல விறுவிறுன்னு நடக்கற நடையும் அதுல கணக்குதான். இதைக் கூட ஒரு ஊர் தடுக்குதுன்னா, அது எந்த ஊருன்னு எதிரணி சொல்லட்டும்!

நடுவர் அவர்களே! ஓட்டல் அறைக்குச் சாவி வரவேற்பறையில் கிடைக்கும். அறையை விட்டு வெளியே ஓடுவதற்கான சாவி அவரவர் மனதில்தான் இருக்கிறது. சூழ்நிலை கேட்பது பத்து நாள். மனநிலை தின்பது பல வருஷம். எனவே, வெளிநாட்டில் ஓட்டப் பயிற்சி நின்று போவதற்குப் பெரிதும் காரணம் மனநிலையே, மனநிலையே என்று தீர்ப்பு வழங்க வேண்டும் எனத் தங்களைப் பணிவோடு கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)