தீர்ப்புக்கு அடங்காத கங்கா

ஒரு நாவலின் முதன்மைப் பாத்திரத்தைப் பற்றி வாசகர்கள் கூடிப் பேசும்போது, அப்பாத்திரம் செய்தது சரியா தவறா என்ற வழக்கிலேயே பேச்சு நின்றுவிடுவதும், அது தன் இயல்பு வழுவாமல் நடந்துகொள்கிறதா என்ற கேள்வி எழாமலே போவதும் உண்டு. இவ்விரு கேள்விகளையும் பிரித்தறிய ஜெயகாந்தனின் கங்காவைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. வாசகர் விவாதத்தின் நடுவிலிருந்தே எழுந்த பாத்திரம் அவள்.

1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழை மாலையொன்றில் முன்பின் அறியாதவனின் காரில் ஏறி, அவன் இச்சைக்கு ஆளாகி வீடு திரும்பும் கல்லூரி மாணவியைத் தாய் முதலில் அடித்தாலும், பின்னர் தலையில் நீரூற்றித் தூயவளென்று ஏற்றுக்கொள்கிறாள். அவன் கொடுத்த சூயிங் கம்மை அப்பெண் வீட்டிலும் மென்றுகொண்டிருப்பது, நேர்ந்ததன் பொருள் அவளுக்கு முழுதும் விளங்காத பேதைமையைக் காட்டும் மிக நுட்பமான குறிப்பாகும். அக்கதை எழுப்பிய கடும் சர்ச்சைக்குப் பின், தாய் அவ்வாறு ஏற்காமல் ஊரறியக் கதறியிருந்தால் என்னவாகும் என்பதைத் தொடர்ந்து சென்றதே, 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். அண்ணன் வீட்டைவிட்டு விரட்ட, வெங்கு மாமாவின் ஆதரவில் படித்து, நல்ல வேலையில் அமர்ந்த கங்கா, ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் எழுதியதாக அதே சிறுகதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். தனக்குக் கிட்டாத மன்னிப்பை அச்சில் காணும் அவ்விடத்தில், கதைக்குள் கதையை வைக்கும் உத்தி வெறும் உத்தியாக இல்லாமல் நெஞ்சைச் சுடும் அனுபவமாகிறது.

கங்காவின் குறைகள் வெளிப்படையானவை. தன்மீது தகாத கண் வைத்திருக்கும் மாமாவின் ஏளனப் பேச்சையே சவாலாக ஏற்று, அன்று தன்னைக் காரில் ஏற்றிச் சென்ற பிரபுவை அவள் தேடிப் போகிறாள். மனைவியும் மகளும் உடைய அவனோடு தன்னை இணைத்து உலகம் பேசுவதை மறுக்காமல், அப்பழியையே கேடயமாக்கிக்கொள்கிறாள். நாவல் பெரிதும் தன்னிலைக் கூற்றில், அதாவது பாத்திரமே தன் கதையைத் தன் வாயால் சொல்லும் முறையில், அமைந்திருப்பதால், தாயிடம் அவள் காட்டும் கடுமையையும் பிறரை எடைபோடும் செருக்கையும் வாசகர் அவள் குரலிலேயே கேட்கின்றனர். அவளைக் குற்றமற்றவளாகக் காட்ட விரும்பும் பரிவுள்ள வாசகர் இவற்றைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிடுவது அவளுக்குச் செய்யும் உதவி ஆகாது. பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டார் ஒட்டிய முத்திரையைத் தவிர வேறு அடையாளம் வாய்க்காத ஒருத்தி, அம்முத்திரையையே தன் உரிமையாக ஆக்கிக்கொள்ளும் விபரீதத்தில்தான் அவளுடைய மெய்ம்மை இருக்கிறது.

பிரபு திருந்தி விலகிச் செல்ல, கங்கா மதுவுக்கு ஆளாவதில் நாவல் முடிகிறது. படித்த, சம்பாதிக்கும் பெண்ணை இப்படி வீழ்த்தலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் அவளுக்கு இருந்த ஒரே உறவு, நடந்ததை அறிந்த மனிதனுடனான உறவு. அது அவன் திருந்தியதனாலேயே அறுகிறது. அவனுக்கு நேர்ந்த மீட்பே அவளுக்குக் கேடாக முடிவதால், அவ்வீழ்ச்சியை ஆசிரியர் அவளுக்கு விதித்த தண்டனையாகப் படிப்பது பொருந்தாது.