‘வல்லவன்’ பாட்டும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(குனோங் ராபாட்டில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



வக்கீல் வந்தால் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு என்றுதான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று ஒரு பாட்டுத் தொகுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் ‘வல்லவன்’ என்ற தமிழ் ராப் தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் வந்த ‘மடை திறந்து’ பாட்டுக்கு அடித்தளம், 1980-இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாட்டு. அப்பா தோட்டத்து வீட்டில் ரேடியோவில் கேட்டதை, மகன் தாமானில் ராப்பாகக் கேட்டான். மறு ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. அதுவரை நாம்தான் சென்னைப் பாட்டுக்குக் காத்திருந்தோம். இப்போது மலேசியத் தமிழனின் பாட்டு அங்கே போனது!

பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று நாம் என்ன சொன்னோம்? “இது பாட்டா, கத்தலா? தொளதொள சிலுவார், தொப்பி... குண்டர் கும்பல் மாதிரி!” நானும் அப்படிச் சொன்னவன்தான்.

ஒருநாள் இரவு ஒரு தாய் என்னிடம் ஓடி வந்தார். 17 வயது மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். “அந்த ராப்பு பாட்டைக் கேட்டுத்தான் கெட்டுப்போனான் சார்” என்று அழுதார். போலீஸ் விசாரிக்கும் முன்பே பெற்றவள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்! மறுநாள் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் பையன் வெளியே வந்தான். திரும்பக் கிடைத்த அவன் பொருள்களில் மடித்த நோட்டுத் தாள் ஒன்று இருந்தது. பாட்டி வாழ்ந்த தோட்டத்து லயத்தை இடித்ததைப் பற்றி அவனே எழுதிய தமிழ் ராப். படித்த தாய்க்குப் பேச்சு வரவில்லை. தன் கதையை மகன் எழுதிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

பெற்றோர்களே, இரண்டு செய்திகளை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஒன்று: பிள்ளையைப் பிடித்தால் பதறாதீர்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 5-வது விதிப்படி காரணம் சொல்லவேண்டும். வக்கீலைப் பார்க்க விடவேண்டும். 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். உடனே வக்கீலைக் கூப்பிடுங்கள்.

இரண்டு: இன்றிரவே உங்கள் பிள்ளை கேட்கும் பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிறகு திட்டிக்கொள்ளலாம். ஆனால் நம் பிள்ளையை நாமே குண்டன் என்று சொன்னால், ஊரார் சொல்லும்போது எந்த வாயால் மறுப்போம்?