கழனிக்கும் கடலுக்கும் ஒரே வழக்கு



மண்ணைக் கெடுக்காத உழவைப் பற்றியும் கடலை வறியதாக்காத மீன்பிடிப்பைப் பற்றியும் பிரசாரம் செய்வோர் பெரும்பாலும் வெவ்வேறு மேடைகளில் நின்றே பேசுகிறார்கள். சர்க்காரும் உழவனுக்கு ஓர் இலாகா, மீனவனுக்கு ஓர் இலாகா என்று பிரித்து வைத்திருப்பதால், ஒருவன் கஷ்டம் மற்றவன் காதுக்கு எட்டுவதேயில்லை. இவ்விருவரையும் காவிரியின் கடைமடையில் ஒரே அணியில் நிறுத்திய கிளர்ச்சி ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1990களின் தொடக்கத்தில், அயல்நாட்டுச் சந்தையில் இறாலுக்குக் கிடைத்த விலையைக் கண்டு மயங்கிய முதலாளிகள் நாகப்பட்டினம் வட்டாரத்தில் நெல் விளைந்த நிலங்களை வாங்கிக் கரை உயர்த்தி, உப்புநீரை எஞ்சின் வைத்து இறைத்துக் குளங்களில் தேக்கினார்கள். குளத்து உப்பு குளத்தோடு நிற்கவில்லை. கரையைக் கடந்து கசிந்து அயலான் வயலை உவராக்கிற்று. குடிநீர்க் கிணறுகளைக் கரிக்கச் செய்தது. இறாலைப் பிடித்தபின் குளத்தை வடிக்கும்போது, தின்னாத தீவனமும் கழிவும் மருந்தும் கலந்த கரிய சேற்றுநீர் வாய்க்கால் வழியே நேரே உப்பனாற்றில் இறங்கும். அங்கேதான் சிறுவலைக்காரன் தன் ஜீவனத்தைத் தேடிக்கொண்டிருந்தான். நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போய்க் கூலி பெற்ற பெண்களுக்கோ, நாலைந்து காவல்காரர்களை வைத்துக்கொண்டு நடக்கும் பண்ணையில் வேலை ஏது?

கடலில் பிடிப்பதைக் குறைக்கத்தானே குளத்தில் வளர்க்கிறோம் என்று பண்ணைக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குளத்து இறாலின் தீவனத்தில் சேரும் மீன்தூள், கடலில் வாரிய சிறுமீன்களைக் காயவைத்து அரைத்தது. குஞ்சு பொரிக்கத் தேவையான தாய் இறாலையும் அன்று கடலிலிருந்தே வலைபோட்டுக் கொண்டுவந்தார்கள். ஆக, கழனியை விழுங்கிய அந்தத் தொழில் கடலையும் விட்டுவைக்கவில்லை என்பது பிரத்தியட்சம்.

நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத் தருவதையே விரதமாகக் கொண்டிருந்த சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் கிராமத்தாரைத் திரட்டிச் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். அத்துடன் நில்லாமல் ஜகந்நாதன், எண்பதை எட்டிய பிராயத்தில், 1994இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, 1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் எல்லைக்குள் நடந்த இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்றும்படி உத்தரவிட்டது. இத்தொழிலால் விளைந்த நஷ்டம் வருமானத்தையே விஞ்சியது என்ற நிபுணர் கணக்கையும் நீதிபதிகள் கருத்திற்கொண்டார்கள்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறொன்று. பாரம்பரிய முறையில் இறால் வளர்ப்போரை அது தடை செய்யவில்லை. கேரளத்துப் பொக்காளி வயல்களில், மழைக்காலத்தில் உப்பு அடங்கியதும் நெல் விதைப்பார்கள். அறுவடைக்குப் பின் உப்பேறும் மாதங்களில் கடல் ஏற்றத்தோடு வரும் இறால் குஞ்சுகளை மதகைத் திறந்து உள்ளே விடுவார்கள். நெல்லின் தாளும் வேரும் அழுகி இறாலுக்கு இரையாக, இறாலின் எச்சம் அடுத்த போக நெல்லுக்கு உரமாகும். கிளர்ச்சி செய்த எவரும் இறாலையே எதிர்க்கவில்லை. பூச்சிமருந்துக்கு வேலையில்லாத இப்படிப்பட்ட முறை நம் அண்டையிலேயே இருக்க, அந்நிய நாட்டு மோகம் நமக்கு எதற்கு என்பதே கேள்வி.

ஆனால் தீர்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், 1991 அறிவிக்கையின் தடை இத்தொழிலுக்குப் பொருந்தாது என்று ஆக்கி, அதைப் பதிவுக்கு உட்பட்டதாக மாற்றிவிட்டது. நியாயஸ்தலத்தில் தோற்றவர்கள் பார்லிமெண்டின் வாசலில் ஜயித்தார்கள் என்று சொன்னால் அது கடுமையாகத் தோன்றலாம். மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இனி நம் பிரயத்தனம் பதிவு நடக்கும் இடத்தில்தான் இருக்கவேண்டும். புதுப் பண்ணைக்கு விண்ணப்பம் வருமுன்பே, சுற்றுக் கிணறுகளின் உப்பைக் கோடையிலும் மழைக்காலத்திலும் அளந்து ஊராட்சியில் எழுதி வைக்கலாம்; ஆட்சேப மனுவில் உழவர் சங்கமும் மீனவப் பஞ்சாயத்தும் ஒன்றாகவே கையெழுத்திடலாம். ஜகந்நாதன் டில்லிக்கு எடுத்துச் சென்ற வழக்கின் வேலையை, நாம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே தொடங்கிவிட முடியும்.