கேட்டுக் கொடுப்பதே தானம்!



தானத்துக்குக் கொடுக்கிற மனம் ஒன்றே போதும் என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். மனம் இருக்குங்க, விசாரிப்பு இருக்கா?

தளியை எடுத்துக்குங்க. தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் புழங்குற எல்லை ஊர். ஓசூரிலிருந்து ஒரு புண்ணியவான் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு இட்லிப் பொட்டலம் கொண்டு வர்றார்னு வச்சுக்குவோம்.

"சட்னியில என்னங்க?"

"கடலை."

எந்தக் கடலை? பொட்டுக்கடலையா, வேர்க்கடலையா? நமக்கு ருசிதான் வித்தியாசம். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்கோ உதடு வீங்கும், மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

2016-இல் லண்டன் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியில் எள் இருப்பது தெரியாமல் சாப்பிட்ட 15 வயதுப் பெண் இறந்துபோனாள். கடையிலேயே கட்டி வைக்கும் பொட்டலத்திலும் சேர்மானம் முழுவதையும் எழுத வேண்டும் என்று 2021-இல் அங்கே சட்டம் வந்தது.

நம்ம சத்துணவிலேயே வழி இருக்கே! முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். கேட்டதால்தானே மாற்று கிடைச்சது?

தானம் செய்பவர்களே, முதல் நாளே ஆசிரியரிடம் விசாரியுங்கள். சேர்மானத்தை மூணு மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். 'கொஞ்சம் தின்னா பழகிடும்'னு எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தாதீங்க.

பந்தியில 'உப்பு போதுமா'ன்னு கேட்கிற நாம, 'உனக்கு ஒத்துக்குமா கண்ணு'ன்னும் கேட்கலாமே! கேட்டுக் கொடுப்பதே தானம் என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.